கைவினைஞரும் அனுமதிப்பத்திரமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உணவின் தூய்மையைப் பேணுதற்கு இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. கடைதோறுஞ் சென்று பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உளர். உடலிற் பிணியுற்றவழி அதனைத் தீர்க்கும் மருத்துவர் பதிவு பெற்றவராய் இருத்தல் வேண்டும். பொறியியற் பணி புரிவோரைப் பதிவு செய்தற்கென 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. ஆயின், கட்டி முடிந்த வீட்டினுள்ளே மின்கம்பி இழுப்பவர் யார், நீர்க்குழாய் பொருத்துபவர் எங்கே கற்றவர், சுவரை இடித்து வாயில் திறப்பவர் அச்சுவர் தாங்கும் சுமையை அறிந்தவர்தாமா என்னும் வினாக்களைச் சட்டம் கேட்பதும் அரிது. வீட்டுக்காரர் கேட்பதும் அரிது. ஆதலின், வீடு திருத்தும் தொழில்களுக்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்படல் வேண்டுமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. அவ்விடை யாரை வாழவைக்கும், யாரை வருத்தும் என்பதை ஆராய்ந்து விடையிறுத்தலே அறிவுடைமையாகும்.

கொழும்பு மாநகரிலே தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் இவ்வாராய்ச்சிக்கு இரு களங்களாகக் கொள்ளலாம். கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பங்கிட்டு வரிசையாய் நிற்பன. பல தலைமுறையாக ஒட்டியும் வெட்டியும் திருத்தப்பட்டமையால், எந்தச் சுவர் முதற் சுவர், எந்தக் கம்பி யார் இழுத்த கம்பி என அறிதல் அங்கு அரிது. வெள்ளவத்தையிலோ, காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் தனி வீடுகள் இருந்த இடங்களிலே அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றின் வெடிப்புகளினூடே புகுந்து உள்ளிருக்கும் உருக்குக் கம்பியைத் துருவேற்றும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். இரு பகுதிகளிலும் திருத்த வேலை ஓய்வதில்லை. வேலைக்கு ஆள் தேடுவோர் இரும்புக் கடையில் விசாரிப்பர். அல்லது அயலவரைக் கேட்பர். வருபவர் ‘பாஸ்’ என மதித்து அழைக்கப்படுவார். தலைவன் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். பரீட்சை எதனாலும் அன்றி, வழக்கத்தினாலும் நம்பிக்கையினாலும் தரப்படும் பட்டம் இது.

அத்தகைய நம்பிக்கைக்கு முற்காலத்தில் தக்க அடிப்படை இருந்தது. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பர் என்போர் தந்தையிடம் மைந்தர் கற்கும் முறையால் தொழில் பயின்றனர். கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் அரசனின் தனிப் பிரிவொன்றன்கீழ் அமைந்து பணிசெய்தமையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். ஊர்ப்புறத்திலே ஒரு தச்சர் செய்த கதவு பிழைத்தால் மறுநாளே ஊரெல்லாம் அறியும். அவர் வீடும் அறியும், அவர் தந்தை பெயரும் அறியும். பிழைக்குத் தண்டம் பழிச்சொல்லே. இம்முறை பிறப்பினால் தொழிலைப் பிணித்த குறையுடையது, மீண்டும் வேண்டத்தக்கதன்று. எனினும் வேலை செய்தவனை வேலையோடு பிணித்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு இருந்தது. மாநகரிலோ அப்பிணிப்பு அறுந்துவிட்டது. இன்று வந்து வேலை செய்தவர் நாளை எங்கிருப்பார் என்பது வீட்டுக்காரர்க்குத் தெரியாது. கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றே எஞ்சும் தொடர்பு. ஊர் செய்த கண்காணிப்பை இனி யார் செய்வது என்பதே அனுமதிப்பத்திர வினாவின் உட்கிடையாகும்.

இத்தொழில்களின் தனி இயல்பு ஒன்றை ஈண்டு நோக்குதல் வேண்டும். சில வேலைகளின் குறை கண்ணுக்குப் புலனாகும். சிலவற்றின் குறை புலனாகாது. வர்ணம் திட்டுத்திட்டாகப் பூசப்பட்டால் அன்றே காணலாம். மின்னிணைப்பு அத்தகையதன்று. ஆளியானது உயிர்க்கம்பியில் அமைதல் வேண்டும். அறியாத ஒருவர் அதனை நொதுமற் கம்பியில் அமைத்தாலும் ஆளியை அழுத்த மின்குமிழ் எரியும். மீண்டும் அழுத்த அணையும். வீட்டுக்காரர் வேலை நன்றெனக் கருதிப் பணங் கொடுப்பார். ஆயின், குமிழ் அணைந்த நிலையிலும் அதன் தாங்கியில் 230 உவோற்று அழுத்தம் நிற்கும். குமிழை மாற்றக் கை வைப்பவர் அதனை அறியார். புவிக்கம்பியின் நிலையும் இதுவே. அது இணைக்கப்படாதிருந்தாலும் குளிர்சாதனப் பெட்டி குளிரும், நீரேற்றும் பொறி நீரை ஏற்றும். உட்கம்பியின் காப்பு தேய்ந்து பொறியின் உலோக உடல் மின்னேறும் நாளிலேதான் புவிக்கம்பியின் இன்மை வெளிப்படும். வழக்கில் ‘ட்ரிப் சுவிச்’ எனப்படும் கருவி, போகும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் ஒவ்வாது 30 மில்லியம்பியர் அளவில் வேறுபட்டவுடன் இணைப்பைத் துண்டித்து உயிர் காக்க வல்லது. அது அடிக்கடி விழுகின்றதெனச் சினந்து, அதனைக் கடந்து செல்லுமாறு கம்பி இழுத்துவிடுவாரும் உளர். அன்று முதல் வீட்டில் தொல்லை நீங்கியதாகத் தோன்றும். காவலும் நீங்கியதென்பது தோன்றாது. எனவே, ஒன்று இயங்குகின்றது என்பது அது பிழையற்றது என்பதற்குச் சான்றன்று. வாங்குவோர் தாமே தரங்காண இயலாத இடத்தில், போட்டியும் விலையும் மாத்திரம் தரத்தைக் காத்துவிடும் எனக் கூறுதல் பொருந்தாது.

இரண்டாவதாக, வேலையை ஒப்புக்கொண்டவர்க்கு அன்றிப் பிறர்க்கு விளையுந் தீங்கு நோக்கத்தக்கது. அடுக்குமாடியிலே மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் நீர் கசியாத பூச்சிடாமல் தரையோடு பதித்தால், சேதம் கீழ்வீட்டுக் கூரைக்கே நேரும். மேல்வீட்டார் மலிவான வேலையாளைத் தேர்ந்தார். கீழ்வீட்டார் எதனையும் தேர்ந்திலர். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் மாடி வீட்டுரிமையையும் பொதுப் பகுதிகளையும் வரையறுத்தது. எனினும் ஒரு வீட்டினுள் நிகழும் திருத்தம் மற்றொரு வீட்டின் பாதுகாப்பை எவ்வாறு தொடும் என்பது அன்றாடப் பிணக்காகவே நீடிக்கின்றது. கொட்டாஞ்சேனையின் பங்குச் சுவர்களுக்கும் இஃது ஒக்கும். 2017ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று சரிந்து வீழ்ந்தது, உயிரிழப்பு நேர்ந்தது, பலர் காயமுற்றனர். கட்டிட வேலையின் பிழை அதனைச் செய்வித்தவர் வீட்டெல்லையோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு அந்நிகழ்ச்சி போதிய சான்றாகும். தனக்குத் தானே ஏற்கும் இடரை ஒருவர் விருப்பத்துக்கு விடலாம். பிறர்மீது சுமத்தும் இடரை விடலாகாது.

இனி, நடைமுறையிலுள்ள சட்டங்கள் யாவை எனக் காண்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் கட்டிடத்தின் வரைபடத்தையும் அமைப்பையும் நோக்குவன. அதனைக் கட்டிய கையை நோக்குவன அல்ல. புதிதாக மின்சாரம் பெறும்போது இணைப்பு வேலையைச் சோதித்த அறிக்கை கேட்கப்படும். அதன்பின் பல்லாண்டு காலம் அவ்வீட்டினுள்ளே கூட்டியும் மாற்றியும் செய்யப்படுவனவற்றை எவரும் வந்து பார்ப்பதில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் மூன்றாம் நிலை, தொழிற் கல்வி ஆணைக்குழு அமைந்தது. பின்னர் ஏழு படிகளைக் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறை வகுக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணத் தொழிற்றுறை அபிவிருத்திச் சட்டம் ஒப்பந்தகாரரின் பதிவோடு கைவினைஞர்க்கு அடையாள அட்டை வழங்கவும் வழி செய்தது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மின்னிணைப்பாளர்க்குத் தகைமை பெற்றுக்கொடுத்துப் படிப்படியாக அனுமதிப்பத்திர முறையைக் கொணரும் திட்டத்தை முன்வைத்தது. ஆகவே, கருவிகள் இல்லாமலில்லை. எக்கருவியை எத்தொழிலுக்கு எவ்வளவு கடுமையாகப் பயன்படுத்துவது என்பதே தெளிவுபடல் வேண்டும்.

இத்தெளிவுக்கு மூன்று சொற்களின் வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்ரன் பிறீட்மன், 1962இல் வெளிவந்த ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ என்னும் நூலில் இவற்றை வேறுபிரித்து விளக்கினார். பதிவு என்பது, தொழில் செய்வோர் யாவரும் தம் பெயரை ஓரேட்டில் எழுதுவித்தல்; எழுதுவிக்க வருவோரை விலக்குதல் இல்லை. சான்று என்பது, தகுதியைச் சோதித்து இன்னார் வல்லார் என அரசோ ஒரு கழகமோ உரைத்தல். சான்று பெறாதாரும் தொழில் செய்யலாம், விரும்புவோர் அவரை அமர்த்தலாம். அனுமதி என்பது, பத்திரம் பெறாதார் அத்தொழிலைச் செய்தலே குற்றமெனத் தடுத்தல். பிறீட்மன் மருத்துவத்துக்கும் அனுமதி முறை வேண்டாவென வாதித்தவர். அவர் முடிபை ஏலாதாரும் அவர் செய்த பாகுபாட்டை ஏற்பர். பொதுவாக நிகழும் விவாதங்களில் இம்மூன்றும் ஒன்றாய்க் குழம்புகின்றன. ‘தகுதியற்றவர் வேலை செய்யலாமா?’ என வினவுவோர் சான்றின் பயனைக் கூறி, அனுமதியை வேண்டி முடிக்கின்றனர். ‘ஏழையின் பிழைப்பைக் கெடுக்கலாமா?’ என வினவுவோர் அனுமதியின் கேட்டைக் கூறிப் பதிவையும் மறுத்துவிடுகின்றனர்.

பிறநாட்டு வரலாறு இருசாரார்க்கும் பாடம் புகட்டுவது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைத்தொழில் செய்யப் புகுவோர் ஏழாண்டு பயிலுநராயிருத்தலைக் கட்டாயமாக்கியது. ஆதம் சிமித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் இதனைக் கடிந்தார். நீண்ட பயிற்சிக் காலம் நல்ல வேலைக்கு உறுதியாகாதென்றும், வெள்ளிப் பாத்திரத்தில் இடப்படும் தரமுத்திரையே வாங்குவோர்க்கு அதனினும் மேலான காப்பாகுமென்றும் அவர் காட்டினார். அப்பயிற்சி விதிகள் 1814இல் நீக்கப்பட்டன. ஆளைச் சோதிப்பதா, அவன் செய்த பொருளைச் சோதிப்பதா என்னும் வினாவை அவர் எழுப்பியமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஜெர்மனியின் வரலாறு வேறொரு திருப்பமுடையது. அங்கு 1953ஆம் ஆண்டின் கைவினைச் சட்டம் தனித் தொழில் நடத்துவோர் ஆசான் தேர்வில் தேறியிருத்தலை வேண்டிற்று. 2004இல் 94 தொழில்களுள் 53க்கு அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. தரையோடு பதிக்கும் தொழில் முதலியவற்றில் புதிய நிறுவனங்கள் பன்மடங்கு பெருகின. ஆயின் இளைஞர்க்குத் தொழில் பயிற்றுவோர் குறைந்தனர். 2020இல் 12 தொழில்களுக்கு ஆசான் நிபந்தனை மீண்டும் விதிக்கப்பட்டது. வாயிலைத் திறந்தால் பலர் புகுவர் என்பதையும், புகுந்தவர்க்குக் கற்பிப்பார் இல்லையேல் தொழில் மெலியும் என்பதையும் அந்நாடு ஒருங்கே கண்டது.

பிரித்தானியாவின் எரிவாயு வரலாறும் கருதத்தக்கது. இலண்டனில் 1968ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், உரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டிடத்தின் 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி அடுப்பு மூட்டத் தீக்குச்சியைக் கிழித்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது, கட்டிடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழாகச் சரிந்தது, நால்வர் இறந்தனர். அடுப்பையும் குழாயையும் இணைத்த தரங்குறைந்த பித்தளை மரையொன்றே கசிவுக்குக் காரணம் எனவும், சுவர்ப் பலகைகளை இணைத்த முறையின் வலுவின்மையே ஒரு வீட்டின் வெடிப்பைக் கட்டிட அழிவாக்கியது எனவும் விசாரணையிற் புலப்பட்டது. எரிவாயு பொருத்துவோரைப் பதிவு செய்யும் அமைப்பு 1970இல் தோன்றியது; அப்பதிவு 1991இல் கட்டாயமாயிற்று; 2009 முதல் புதிய பதிவேடு அதன் இடத்தைப் பெற்றது. மின்னிணைப்புக்கோ அந்நாடு வேறு வழி கண்டது. 2005 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டினுள் நிகழும் முக்கியமான மின்வேலையைப் பதிவு பெற்றவர் செய்து தாமே சான்றளிக்கலாம். அன்றேல் உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவித்து வேலையைச் சோதிப்பித்தல் வேண்டும். ஆளேனும் அறியப்பட்டவராய் இருத்தல், அன்றி வேலையேனும் சோதிக்கப்பட்டதாய் இருத்தல் என்னும் இந்நெறி, கைவல்லார் எவர்க்கும் வழியடைக்காமல் உயிர்க்குக் காவல் செய்வது.

தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியாவில் நடந்த முறையும் பயன் தருவதே. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 45ஆம் விதி, மின்னமைப்பு வேலையை அனுமதி பெற்ற ஒப்பந்தகாரரே, தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையில் செய்தல் வேண்டுமென விதித்தது. ஆயின், மின்குமிழ், விசிறி, உருகி, ஆளி முதலியவற்றை அமைப்பின் கொள்ளளவும் இயல்பும் மாறாதவாறு மாற்றுவதற்கு அவ்விதி விலக்களித்தது. விதியினும் விலக்கே நுண்மையுடையது. சிறு திருத்தம் யாவற்றுக்கும் பத்திரம் வேண்டுமெனின் மக்கள் சட்டத்தை மீறுவர். மீறப் பழகியபின் பெரிய வேலைக்கும் மீறுவர். எல்லையை நெருக்கமாக வரைவதினும், காக்கத்தக்க இடத்தில் வரைவதே சட்டத்துக்கு வலிமை தரும்.

அனுமதி முறைக்கு எதிரான வாதங்களுள் வலியது விலையும் பற்றாக்குறையும் பற்றியது. அமெரிக்காவில் 1950களில் தொழிலாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரே அனுமதி வேண்டிய தொழில்களில் இருந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை நூற்றுக்கு இருபதைக் கடந்தது. அனுமதி பெற்றோர் ஊதியம் உயர்ந்தமையை ஆய்வுகள் காட்டின. வேலையின் தரமும் அவ்வளவு உயர்ந்ததென அவை ஒருமுகமாகக் காட்டில. கரோல், கஸ்ரன் என்னும் இரு பொருளியலாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வொன்று, மின்னிணைப்பாளர்க்குக் கடுந்தடை விதித்த மாநிலங்களில் அவர் தொகை அருகியமையையும், ஆள் அருகிய இடங்களில் மின் தாக்கி இறப்போர் மிகுந்தமையையும் எடுத்துக்காட்டியது. ஒன்றோடொன்று சேர்ந்து நிகழ்வது ஒன்றுக்கொன்று காரணமெனத் துணிதல் ஆகாது. எனினும் அதன் நியாயம் எளிதில் விளங்குவதே. வல்லுநர் கூலி எட்டாத உயரத்துக்கு ஏறினால் வீட்டுக்காரர் தாமே திருப்புளியைக் கையிலெடுப்பர். இலங்கையில் இவ்வாதம் மேலும் வலுப்பெறுகின்றது. பொருளாதார நெருக்கடி நிகழ்ந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். கைத்தொழில் வல்லார் அருகும் காலத்தில் எஞ்சியோர்க்கும் தடைவேலி இடுதல், கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் வாழ்பவர்க்குக் காப்பன்று, சுமையே.

பத்திரம் ஒன்றே நேர்மைக்குச் சான்றாகாது என்பதைத் தமிழ் மக்களுக்குப் பிறநாட்டு ஆய்வு காட்டவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பு விற்கச் சென்றபோது சந்தித்த பொற்கொல்லன் பெயரறியாத் தெருக் கைவினைஞன் அல்லன். பாண்டியன் அவையில் வரிசை பெற்றவன், அரசாங்கம் ஏற்ற தொழிலாளன். அச்சிறப்பே கோவலனை அவன்பால் நம்பிக்கை கொள்ளச் செய்தது. அச்சிறப்பே மன்னனையும் ஆராயாது தீர்ப்பளிக்கச் செய்தது. உண்மையை வெளிப்படுத்தியது எவருடைய பட்டமும் அன்று. சிலம்பை உடைத்துப் பார்த்த சோதனையே. சிலம்பினுள் இருந்த பரலை நோக்கும் அச்சோதனை ஓர் உயிர் போவதன் முன்னர் நடந்திருப்பின் மதுரை எரிந்திராது. கொழும்புச் செட்டியார் தெருவில் நகை வாங்குவோர் கடையின் புகழோடு அமையாது, பொன்னின் மாற்றையும் கேட்டறிவது இவ்வறிவின் தொடர்ச்சியே. அனுமதிப்பத்திரம் வழங்கியதோடு தன் கடமை முடிந்ததென அரசாங்கம் ஓய்ந்துவிடுமாயின், பத்திரம் பெற்றவரின் பிழை முன்னையினும் நன்கு மறையும். ஆகலின், ஆளுக்குப் பத்திரம் என்பது வேலைக்குச் சோதனை என்பதன் இடத்தைப் பெறலாகாது.

பொருளின் தரத்தையும் மறத்தல் கூடாது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் வீட்டுச் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றை ஆராய அமைந்த குழு, கொள்கலத்தினுள்ளிருந்த புரொப்பேன், பியூற்றேன் ஆகியவற்றின் விகிதம் மாற்றப்பட்டமையை முக்கிய காரணமாகக் கண்டது. புரொப்பேன் மிகுந்தால் கொள்கலத்தின் அமுக்கம் மிகும். பழைய அளவுக்கு அமைந்த குழாய்களும் இணைப்புகளும் அதனைத் தாங்கா. அத்தகைய விபத்தை எந்தக் கைவினைஞனின் பத்திரமும் தடுத்திராது. செருகி, குதை வகைகள் பல விரவிக் கிடந்த நாட்டில் 13 அம்பியர் சதுரமுனைச் செருகியையே பொதுத் தரமாக்க எடுத்த முடிவு, ஆயிரம் பரீட்சைகளினும் மேலான காவல் செய்யவல்லது. தொழிலாளனைத் திருத்துமுன், அவன் கையிற் கொடுக்கும் பொருளைத் திருத்தல் அரசின் முதற் கடமை.

இனி, இந்நாட்டுக்கே உரிய சில இடர்ப்பாடுகள் உள. அனுமதி என்பது வாயிற்காவலன் கையிலுள்ள சாவி. காவலன் நடுவுநிலை பிறழ்ந்தால் அச்சாவி ஒரு சாராரைப் புறத்தே நிறுத்தும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மலையகத் தமிழருள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே குடியுரிமை முற்றாகக் கிடைத்தது. கொழும்பிலே கொத்துக் கரண்டியும் அரமும் ஏந்தி உழைத்தோருள் அச்சமூகத்தார் பலர். அக்காலத்தில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் குடியுரிமைச் சான்றோடு கூடிய பத்திரம் கேட்கப்பட்டிருப்பின், கையில் தொழிலிருந்தும் அவர் வயிறு வாடியிருப்பர். மொழியும் அத்தகையதே. தமிழும் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஏற்கப்பட்டது. ஆயினும் பரீட்சை மண்டபத்திலும் அலுவலகச் சாளரத்திலும் அவ்விதி வாழ்ந்தாலன்றித் தமிழ் மட்டும் அறிந்த மேசனுக்குப் பயனில்லை. ஏட்டுப் பரீட்சையும் ஓர் இடையூறே. சாந்தின் பதத்தை விரலால் அறியும் முதியவர் அதன் விகிதத்தைத் தாளில் எழுதத் திணறுவர். முன்னறிவை ஏற்றுக்கொள்ளும் வழியொன்று தேசிய தொழிற் தகைமை முறையில் உண்டு. பல்லாண்டு அனுபவமுடையார் மீண்டும் வகுப்பிற் கற்காது, வேலையைச் செய்துகாட்டியும் வினாக்களுக்கு விடை கூறியும் சான்று பெறலாம். எந்த அனுமதித் திட்டமும் இவ்வழியைத் தன் தலைவாயிலாகக் கொள்ளல் வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொழில்களை மூவகையாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முறையை வகுத்தலே பொருந்துமெனப் பெறப்படும். எரிவாயுக் குழாய் பொருத்தல், மின்னமைப்பைப் புதிதாக இழுத்தலும் விரித்தலும், சுமை தாங்கும் சுவர் தூண் முதலியவற்றை மாற்றுதல் ஆகியன முதலாம் வகை. இவற்றின் குறை மறைந்து நிற்பது, வெளிப்படுங்கால் உயிர் கொள்வது, பிறரையும் தாக்குவது. இவற்றுக்கு அனுமதி கட்டாயமாதல் நீதியே. அன்றி, தகுதி வாய்ந்த பொறுப்பாளர் ஒருவர் வேலையைச் சோதித்துக் கையொப்பமிடும் மாற்று வழியும் இருத்தல் வேண்டும். மாடி வீட்டு நீர்க்குழாயும் கழிவுக் குழாயும் நீர்காப்புப் பூச்சும் இரண்டாம் வகை. இவை பொருளை அழிப்பன. பெரும்பாலும் உயிரை அழியா. இவற்றுக்குப் பதிவு போதும்: செய்தவர் பெயரும் நாளும் ஓரேட்டில் இருப்பின் பிணக்கு எழுந்தபோது பொறுப்பாளரைக் காணலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவைகள் தக்க கவனத்தோடும் திறமையோடும் ஆற்றப்படல் வேண்டுமென்னும் உட்கிடை உறுதியை ஏற்றுள்ளது. பொறுப்பாளரைக் கண்டுபிடிக்க இயலாதபோது அவ்வுறுதி ஏட்டளவே. வர்ணம் பூசுதல், தச்சு, தளபாடத் திருத்தம், தரையோடு பதித்தல் முதலியன மூன்றாம் வகை. இவற்றின் குணமும் குற்றமும் கண்ணாற் காணத்தக்கன. இங்குச் சான்று விரும்புவோர்க்கு இருப்பதே அமையும், தடை வேண்டா.

இத்திட்டம் நிலைபெற நான்கு நிபந்தனைகள் வேண்டப்படும். கட்டணம் ஒரு நாட் கூலியை மிகாததாய் இருத்தல் வேண்டும். இன்றேல் பத்திரம் பணமுடையார்க்கே உரியதாகும். அனுமதி வழங்கும் சபையில் முன்னரே தொழிலில் இருப்போர் மட்டும் அமர்தல் ஆகாது. புதியவர் வருகையைக் குறைத்தல் அவர்க்கு ஊதியமாதலின், நுகர்வோரும் பொறியியலாளரும் உடனிருத்தல் வேண்டும். பரீட்சையும் முறையீடும் மும்மொழியிலும் நடைபெறல் வேண்டும். இறுதியாக, பத்திரம் பெற்றவர் வேலையுட் சில ஆண்டுதோறும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படல் வேண்டும். சோதனையில்லாத பத்திரம், எண்ணெய் வற்றிய விளக்கு. விளக்கென்னும் பெயரன்றி அதனால் ஒளியில்லை.

இவ்வினாவில் தங்கியிருப்பது வீட்டுக்காரர் பாதுகாப்பு மாத்திரமன்று. கைவினைஞர் மதிப்பும் ஆகும். கல்லூரிகள் மருத்துவரையும் பொறியியலாளரையும் கணக்காளரையும் எண்ணிப் பெருமை கொள்கின்றன. மின்னிணைப்பில் வல்ல பழைய மாணவர் ஒருவர் பெயரை அவ்வரிசையில் எழுதும் கல்லூரி அரிது. மறுநாள் தொழிலின்றி நிற்கக்கூடியவர், பெயர் எந்த ஏட்டிலும் இல்லாதவர், விபத்து நேர்ந்தால் முதலிற் பழிக்கப்படுபவர் என்னும் நிலையில் இருப்போரிடம் உயிர்க்காவலை ஒப்படைத்துவிட்டு, அவரிடம் தகுதி இல்லையெனக் குறைகூறுதல் அறமன்று. நடுநிலை பிறழாது வழங்கும் சான்று, அவரைத் தடுக்கும் வேலியாகாது, அவர் நிற்கும் மேடையாகும். உயிரைத் தொடும் வேலைக்கு அனுமதியும், பிறரைத் தொடும் வேலைக்குப் பதிவும், ஏனையவற்றுக்கு விருப்பச் சான்றும், யாவற்றுக்கும் மேலாக வேலையின் சோதனையும் அமையுமாயின், வெள்ளவத்தை மாடியிலும் கொட்டாஞ்சேனைத் தெருவிலும் வாழ்வோர் அச்சமின்றி உறங்குவர். அவர் வீட்டைத் திருத்தியவரும் தலைநிமிர்ந்து நடப்பர்.